நோட்டில் விட்டுப்போனது

பரணைச் சுத்தம் செய்த என் பேரன் ஒன்பது பழைய நோட்டுகளை இறக்கினான். எல்லாம் என் பெத்தாங்க் கணக்கு. "இதையெல்லாம் எதுக்குத் தாத்தா எழுதி வச்சீங்க?" என்று சிரித்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மர உருண்டைக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டைப் போட வேண்டும். எதிராளியின் குண்டு நெருக்கமாகக் கிடந்தால் அதை அடித்துத் தள்ளலாம். முதலில் 13 புள்ளி எடுப்பவர்களுக்கு வெற்றி. இருவர் அணியில் ஆளுக்கு மூன்று குண்டு. எங்கள் அணியில் அடிப்பது நான். ஒட்டிப் போடுவது என் பள்ளித் தோழன்.

பிரெஞ்சுப் பள்ளியில் முதலில் தேதி எழுதிக் கோடு போட வேண்டும், பிறகுதான் பாடம். அதற்கப்புறம் முப்பது வருஷம் சர்க்கார் பதிவேடு. பழக்கம் விடுமா? வீடு வந்ததும் எத்தனை அடித்தேன், எத்தனை பட்டது என்று எழுதாமல் படுக்க மாட்டேன்.

2011-இல் தொடர்ந்து தோற்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 13-க்கு 4 என்று தோற்றதும், நாலு பேர் எதிரில், "எல்லாம் உன்னாலதான்டா" என்று கத்திவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. குண்டுகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மூன்று மாதம் பேச்சில்லை.

ஒரு மழை நாளில், தப்பு அவனுடையதுதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள நோட்டை எடுத்து மாதவாரியாகக் கூட்டினேன். முன்பெல்லாம் பத்துக்கு ஆறு பட்டிருக்கிறது. இரண்டே வருஷத்தில் அது மூன்றாகக் குறைந்திருந்தது. எழுதியது என் கைதான். யாரோடு சண்டை போடுவது? கண் டாக்டரிடம் போனேன். வலது கண்ணில் புரை என்றார்.

நோட்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அதைப் பிரிக்கவே விடவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்டா. குண்டு எங்க இருக்குன்னு தேடிட்டுதான் அடிப்ப. சொன்னா வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்" என்றான். அடுத்த வாரமே சேர்ந்து ஆடினோம். ஆபரேஷனுக்குப் பிறகு பத்துக்கு நாலு பட்டது. மீதி இரண்டு வயசுக்குப் போனது.

எழுதி வைப்பதால் பயன் உண்டா என்றால், உண்டு. ஞாபகம் எப்போதும் நம் பக்கம்தான் பேசும். நோட்டு அப்படிப் பேசாது. ஆனால் ஒரு குறை. அந்த ஒன்பது நோட்டிலும் இருப்பது என் கணக்கு மட்டும்தான். என் தோழன் போன வருஷம் போய்விட்டான். உருண்டையைத் தொட்டு நிற்கும்படி அவன் போட்ட குண்டுகள் எத்தனையோ. ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

பேரன் இப்போது கிரிக்கெட் ஆடுகிறான். ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். "உன் ரன்னை எழுது. எதிர்முனையில நின்னவன் பேரையும் எழுது" என்றேன்.