பைபர் படகின் பூர்வீகம்

தமிழகக் கடற்கரையில் கைமாறும் பழைய பைபர் படகின் விலை அதன் பூர்வீகத்தைப் பொறுத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களை இழந்த ஊர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் பைபர் படகுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்தன. அந்த அவசரத்தில் திடீரென முளைத்த பட்டறைகள் சில, கண்ணாடி நார் விரிப்பின் அடுக்குகளைக் குறைத்தே வார்த்தன. எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்ற விசாரணை அதனால்தான் முதலில் வருகிறது.

விசாரணைக்குப் பதிவுச் சான்றிதழ் ஒரு தொடக்கம். படகில் எழுதிய எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவில்லாத படகுக்கு மானிய எரிபொருள் கிடையாது என்பதால் காகிதத்துக்கே ஒரு விலை உண்டு.

மீதியைப் படகே சொல்லும். விற்பனைக்கு வந்த படகில் வெளிப்பூச்சு புதிதாகத்தான் இருக்கும். அதை நம்புவது வீண். உள்பலகையைத் தூக்கி, பூச்சுப் படாத இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நார் இழைகள் வெளிறிப் பிரிந்து நின்றால் ரெசின் போதவில்லை என்று பொருள். உடல் முழுக்க ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்னும். அடுக்கு பிரிந்த இடம் மொத்தென்னும். அடிப்பகுதியில் கொப்புளம் இருந்து, குத்தினால் காடி வாடையோடு நீர் கசிந்தால், தண்ணீர் மேற்பூச்சைத் தாண்டிவிட்டது. மணலில் இழுத்து ஏற்றும் படகுகளுக்கு, அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவின் தேய்மானமும் முக்கியம்.

அதிகம் ஏமாறும் இடம் எஞ்சினைத் தாங்கும் பின்பலகை. அவுட்போர்டு பொருத்தும் படகுகள் பலவற்றில் பைபர் உறைக்குள் பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியே நீர் இறங்கினால் உறை பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தாலோ, போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்தாலோ பலகையையே மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு விலையில் கழிய வேண்டும்.

எஞ்சினின் பூர்வீகம் தனி. பழைய படகில் புது எஞ்சினும் புதுப் படகில் பழைய எஞ்சினும் சகஜம். வாங்குபவர் வருமுன் ஓட்டிச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளிர்ந்த எஞ்சினை இயக்கச் சொல்வதே முறை. ஓடும்போது குளிர்விக்கும் நீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் உள்ளே தேய்மானம்.

உடலுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனியே விலை போட்டு, பழுதுச் செலவைக் கழிப்பதே கணக்கு. ஒட்டுமொத்தமாகப் பேசும் விலையில் எஞ்சினின் பெயர் உடலின் குறையை மறைத்துவிடும். பணம் கைமாறுமுன், ஆளும் சுமையும் ஏற்றிக் கடலில் ஓட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி.