மாதாப்பூர் வீதிகளில் நாயும் நாமும்

செகந்தராபாத்தில் மெட்ரோ இரயில் ஏறி, அமீர்ப்பேட்டையைக் கடந்து மேற்கே சென்றால் மாதாப்பூர் வந்துவிடும். இப்பகுதிக்கு அந்த இரயில் வந்தது 2019 மார்ச் மாதத்தில். 1998-இல் சைபர் டவர்ஸ் கட்டடம் எழும் வரையில் இவ்வூர் பாறைகளும் புதர்களும் சூழ்ந்த இடம். இன்றோ கண்ணாடி மாளிகைகள் வானை அளாவுகின்றன. முற்காலத்தில் கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் அளித்த துர்க்கம் செருவு ஏரியின் குறுக்கே 2020-இல் கம்பிவடப் பாலம் ஒன்றும் திறக்கப்பட்டது. பிழைப்பை நாடி இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல.

அதிகாலையில் அய்யப்பா சொசைட்டித் தெருக்களில் நடந்தால் வேறொரு காட்சியும் காணலாம். வீட்டுக்கு வீடு நாயை அழைத்துக்கொண்டு வெளியே வருகின்றனர். அண்டையிலுள்ள கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே மாநகராட்சி 2018-இல் ஒரு பூங்கா அமைத்தது என்றால், இவ்வட்டாரத்தில் நாய் வளர்ப்போரின் பெருக்கத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் நான் கண்டது இதுதான்: ஒரு கையில் நாயின் வார், மறு கையில் கைப்பேசி. நாய் ஒரு பக்கம் இழுக்கிறது. உடையவர் பத்து முறை பெயர் சொல்லி அழைக்கிறார். அது திரும்புவதே இல்லை.

இது சிறு குறை அன்று. வார் நழுவும் நாள் ஒன்று வரும். வண்டிகள் ஓயாது விரையும் சாலை இது. ஒரே அழைப்பில் திரும்பிப் பார்க்கும் நாய் அன்று பிழைக்கும். பாராத நாய் சக்கரத்தில் அகப்படும்.

அண்மையில் இங்குள்ள தமிழன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டு நாயைத் தாயார் 'வா' என்கிறார். வேலைக்கு வரும் அம்மையார் 'ரா' என்கிறார். காவற்காரர் 'ஆஜா' என்கிறார். பிள்ளைகள் 'கம்' என்கின்றனர். பெயரோ ஆளுக்கொன்று. நாய் எவருக்கும் செவிசாய்க்கவில்லை. ஆனால் பாட்டியார் 'தோ, தோ' என்று ஒருமுறை சொன்னதும் ஓடிவந்து அவர் முகத்தை நோக்கி நின்றது. நாள்தோறும் அதன் முகத்தைப் பார்த்துச் சோறிடுபவர் அவர் ஒருவரே. எப்போதும் அதே சொல். அதன் பின்னே எப்போதும் ஒரு நன்மை. மறைபொருள் வேறொன்றும் இல்லை.

மனிதன் முகம் நோக்குவது நாயின் இயல்பிலேயே உள்ளது. ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகர அறிஞர்கள் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களையும் நாய்களையும் சோதித்தனர். எடுக்க இயலாதபடி அடைக்கப்பட்ட இறைச்சியோடு ஓநாய்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன; நாய்களோ விரைவிலேயே திரும்பி மனிதர் முகத்தைப் பார்த்தன. நாயும் உடையவரும் ஒருவரையொருவர் நெடிது நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுகிறது என்று ஜப்பானிய அறிஞர்கள் 2015-இல் கண்டனர். ஆகவே நாய் நம்மைப் பார்க்கத்தான் செய்கிறது. அந்நேரம் நாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

பழக்கும் முறை எளிது. வீட்டின் அமைதியான அறையில் தொடங்குக. பெயரை ஒரே முறை சொல்லிப் பொறுத்திருங்கள். கண் உம்மை நோக்கிய அக்கணமே 'சபாஷ்' என்று சொல்லி, கடலையளவு உணவு ஒன்று கொடுங்கள். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்பதை அது அறியாது. வேகவைத்த முட்டைத் துணுக்கு நன்று. வெங்காயமும் திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு. பின்னர் உணவை மூடிய கைக்குள் வைத்துக் காத்திருங்கள். கையை மோந்து சலித்து, அது முகத்தை ஏறிட்டுப் பார்க்கும். அப்போதே கொடுத்துவிடுக. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். அறையில் தேறியபின் மாடிப்படி, அதன்பின் வாயில், இறுதியில்தான் தெரு. அழைத்து வந்தபின் அடிப்பதோ அதட்டுவதோ கூடவே கூடாது. அவ்வாறு செய்தால் பெயரே அதற்கு அச்சமாகிவிடும்.

ஒன்றை மறவாதீர்கள். ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவரும் வெண்ணிற இராஜபாளையம் நாய்களுள் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. அதைப் பிடிவாதம் என்று கருதி வருத்துவது கொடுமை. பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயும் கைச்சைகையால் நன்கு பழகும்.

நாய்க்குப் பெயரிட்டு அதைப் போற்றுதல் தமிழருக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீழ்ந்த வீரன் அருகே அவனுடைய நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காத்துநின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கின்றனர். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அப்பெயர் நிற்கிறது. நம் வீட்டு நாய்க்கோ ஒரு நாளிலேயே நான்கு பெயர்கள்!

நான் பணிபுரியும் இரயில்வேயில், கைகாட்டியின் நிறத்தை ஓட்டுநரும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வர். ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி தந்தால்தான் செய்தி சேர்ந்ததாகப் பொருள். நாய்க்கும் நமக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

ஆகவே அன்பர்களே, இன்று மாலையே குடும்பத்தார் கூடி ஒரு பெயரும், அழைக்க ஒரு சொல்லும் முடிவு செய்யுங்கள். அச்சொல் தமிழாக இருந்தால், அயலூரில் வளரும் நம் பிள்ளைகளின் நாவிலும் அது நிலைக்கும். நாளைக் காலை வாரைக் கையில் எடுக்கும்போது, கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும்.