வீட்டில் மழை

சில ஆண்டுகளுக்கு முன், கத்தரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒன்பதாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த எங்கள் மகள் தொலைபேசியில் பாட்டியிடம் மெல்லிய குரலில், "இன்னைக்கு இங்க மழை பாட்டி, நாளைக்குப் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டோம். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் பாட்டிதான் சொன்னார்: மழை என்றால் வீட்டில் ஒருவருக்குக் கோபம், இடி என்றால் பாத்திரம் உடைந்திருக்கிறது, மூட்டம் என்றால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஆகலாம். மூன்று ஆண்டுகளாக இருவருக்கும் இடையே இந்தச் சங்கேதம் வழங்கிவந்திருக்கிறது. இலக்கியம் கற்பிக்கும் வீட்டில் பிறந்த குழந்தை உள்ளுறையை இப்படியா கற்றுக்கொள்ள வேண்டும்!

அந்த ஒருவர் எங்களில் எவர் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வெட்கம் ஒரு காரணம். அது ஒருவருடைய நோயாக மட்டும் இந்த வீட்டில் இருந்ததே இல்லை என்பது மற்றொன்று. ஒருவர் வெடித்தால், மற்றவர் அதை மூடிவைத்தோம். "முகம் சரியில்லை, இப்போது கேட்காதே" என்று குழந்தையை ஒற்றராக்கியது அந்த மற்றவர்தான். வாசலில் செருப்பு கழற்றப்படும் ஓசையை வைத்தே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று கணிக்க அவள் பழகியிருந்தாள்.

வெளியே இருவருக்கும் நல்ல பெயர். வகுப்பில் கடைசி இருக்கை மாணவனிடமும் பொறுமை இழந்ததில்லை. வீட்டிலோ, தொலைபேசியை அரைமணி நேரம் எடுக்காவிட்டால் கைவிடப்பட்டுவிட்டதாக ஒரு பதற்றம். போன மாதம் தெய்வமாயிருந்த நண்பர் இந்த மாதம் துரோகி. சாதம் குழைந்ததில் தொடங்கும் பேச்சு, பத்தாம் நிமிடத்தில் "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்பதில் வந்து நிற்கும். பிறகு அழுகை, மன்னிப்பு, இரவு ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓடி மகளுக்கு ஒரு சுடிதார். அவள் அதை வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல, அழாதீங்க" என்று தேற்றுவாள். அந்தச் சுடிதார்களில் பல, மடிப்புக் கலையாமல் அலமாரியிலேயே இருந்ததை நாங்கள் கவனித்ததில்லை.

கோபக்காரக் குடும்பம் என்றார்கள் உறவினர்கள். ஜாதகம் பார்த்தோம். பாட்டி சொன்னதற்காகக் குணசீலம் போய்வந்தோம்; காவிரிக் கரையில் கழிந்த அந்த இரண்டு நாட்களைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை, மூவரும் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அவை. கடைசியில் மனநல மருத்துவரிடம் சென்றோம், ஆனால் மகளை அழைத்துக்கொண்டு. படிப்பில் கவனமில்லை என்பது புகார். மருத்துவர் அவளோடு முக்கால் மணி நேரம் தனியே பேசிவிட்டு, அவளை வெளியே அமரச்சொல்லி எங்களை அழைத்தார். "பாப்பாவைப் பத்தி அப்புறம் பேசலாம். நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க?" அந்தக் கேள்வியை அதுவரை எங்களிடம் எவரும் கேட்டிருக்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய இருவர் அந்த அறையில் அழுதோம்.

ஆளுமைக் கோளாறாக இருக்கலாம் என்றார். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொன்னார். ஒரே சந்திப்பில் முடிவுகட்டக்கூடாதாம். ஆளுமை என்ற சொல்லை நாங்கள் இலக்கியக் கூட்ட அழைப்பிதழ்களில் மட்டுமே கண்டவர்கள். 'பன்முக ஆளுமை' என்று போட்டால் ஒரு சால்வை உறுதி. அதே சொல்லின் பின்னே கோளாறு வந்து ஒட்டிக்கொண்டதைச் சீரணிக்க நாட்கள் ஆயின. 'பார்டர்லைன்' என்ற சொல்லும் வந்தது. தேர்வுத்தாள் திருத்துகிறவர்களுக்கு அதன் பொருள் வேறு அல்லவா. கொஞ்சம்தான் இருக்கிறது போலும் என்று ஆறுதலடைந்தோம். அப்படியில்லை. 1938இல் அடால்ப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், நரம்புத்தளர்ச்சி வகைக்கும் புத்தி பேதலிக்கும் வகைக்கும் நடுவே நின்ற நோயாளிகளைக் குறிக்கக் கையாண்ட சொல் அது. எல்லை பற்றிய அந்தக் கருத்து பழசாகிவிட்டது, பெயர் நின்றுவிட்டது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனிப் பெயர்களில் அடைக்காமல் லேசானது, மிதமானது, கடுமையானது என்று அளவால் பிரிக்கிறது. ஆயினும் இந்த ஒன்றின் பெயரைத் துணைக்குறிப்பாக விட்டுவைத்திருக்கிறது.

அமெரிக்கக் கையேட்டில் இதற்கு ஒன்பது அடையாளங்கள். ஐந்தேனும் பொருந்த வேண்டும். அன்றிரவே இணையத்தில் அதை எடுத்துவைத்துக்கொண்டு இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டோம். ஒருவர் ஏழு போட்டார், மற்றவர் மூன்று. இரட்டை மதிப்பீட்டில் இவ்வளவு வேறுபாடு வந்தால் மூன்றாம் மதிப்பீட்டுக்குத்தானே அனுப்புவோம் என்று யாரோ சொல்ல, பல மாதங்களுக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம். மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருத்துவது தம் வேலை என்றார்.

இந்தக் கோளாற்றுக்கென்றே ஒரு மாத்திரை இல்லை. கூடவரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படுபவை உண்டு. முதன்மையானது பேச்சுவழிச் சிகிச்சைதான். அதில் பெயர்பெற்ற ஒரு முறையை வகுத்த மார்ஷா லைனஹான், பதின்வயதில் தாமே நெடுநாள் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அதை வாசித்த இரவு எங்களுக்கு முக்கியமானது. எங்கள் ஊரில் அம்முறையில் பயின்றவர் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மதுரைக்குப் பேருந்து. போகமுடியாத வாரங்களில் காணொளியில். கோபம் ஏறும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தச் சொல்லித் தந்தார்கள். "மூஞ்சியக் கழுவிட்டு வான்னு நான் சொன்னா கேக்கமாட்டீங்க, ஐந்நூறு ரூபாய் பஸ்ஸுக்குக் குடுத்தாத்தான் கேப்பீங்க" என்றார் பாட்டி. கல்லூரியில் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் முதல் ஆண்டு முழுதும் இருந்தது. சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வைத்திருக்கிறது என்று பிறகே அறிந்தோம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம்; 2022இல் தொடங்கப்பட்ட இலவச மனநல உதவி அது, தமிழிலும் பேசலாம்.

கடினமானது மகளிடம் பேசியதுதான். மன்னிப்புக் கேட்கையில் அழக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது; அழுதால் தேற்றுகிற வேலை மறுபடி அவள் தலையில் விழும். செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவை அவளால் நேரவில்லை என்று சொன்னோம். நெடுநேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "எனக்கும் வருமா?" என்று கேட்டாள். பரம்பரைக்கு இதில் பங்குண்டு, வளரும் வீட்டுக்கும் பங்குண்டு, இரண்டும் தலையெழுத்தல்ல என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னோம். "வீட்ட மாத்துவீங்களா?" என்றாள். முயல்கிறோம் என்றோம். மாற்றுவோம் என்று வாக்குக் கொடுக்கத் துணிவில்லை. அதன் பிறகும் இரண்டு முறை பாத்திரம் உடைந்திருக்கிறது.

சென்ற ஐப்பசியில் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். மாலையில் நல்ல மழை. தொலைபேசியில், "பாட்டி, இங்க மழை" என்றவள், மறுமுனையில் பேச்சு நின்றுபோகவே, "ஐயோ, நிஜ மழை பாட்டி" என்றாள். பாட்டி நம்பவில்லை. ஜன்னலைத் திறந்து தொலைபேசியை வெளியே நீட்டிப்பிடிக்கச் சொன்னார்.