மைக்கைத் திறந்தால்

பிஜிஎம்ஐயில் இருண்ட வீட்டுக்குள் பதுங்கியிருப்பவனைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. செட்டிங்கில் ‘கலர்ஃபுல்’ வைத்து பிரைட்னஸைக் கூட்டினால் நிழல் வெளிறிவிடும். ஜன்னலையே முறைக்கக் கூடாது. கண்ணில் படுவது அசைவுதான். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்: ஹெட்போனில் காலடி கேட்கிற பக்கம் ஆள் இருக்கிறான். 2020 செப்டம்பரில் பப்ஜி தடையாவதற்கு முன்பே, தூத்துக்குடியில் வீடு உறங்கியபின் போர்வைக்குள் இதையெல்லாம் பழகிவிட்டேன்.

கண்டதை அணியில் மற்ற மூவரிடம் சொல்வதுதான் பாடு. “மாடில ஒருத்தன் நிக்கான்” என்று மைக்கில் சொன்னால் மாடியை யாரும் பார்ப்பதில்லை. பொண்ணா? எந்த ஊரு? நம்பர் தருவியா? இதற்குள் சுடப்பட்டுச் செத்தால் அந்தப் பழியும் எனக்கே. மைக்கை மூடிவிட்டு மேப்பில் மார்க் மட்டும் வைத்தால், அந்த மஞ்சள் புள்ளியை யார் மதிக்கிறார்கள்? எங்கள் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961இல் நடந்தது. மூழ்கியவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருந்தவர் இழுத்துவிடுவார். அடியில் இருப்பது யாரென்று விசாரித்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றிருக்கும்.

இப்போது கல்லூரித் தோழிகள் நால்வர் சேர்ந்து ஆடுகிறோம். மைக் திறந்தே இருக்கிறது. நான் சொன்ன பக்கம் மூன்று துப்பாக்கிகளும் திரும்புகின்றன. குரலை மட்டும் தணித்துக்கொள்கிறேன்; அடுத்த அறையில் அப்பா.