பறக்கும் ஸ்காட்ஸ்மேனும் விழுப்புரம் பாசஞ்சரும்

ரிஷிவந்தியம்னு சொன்னா உங்கள்ல பல பேருக்கு 2011 தேர்தல்ல விஜயகாந்த் ஜெயிச்ச தொகுதின்னு ஞாபகம் வரும். கோயில் கோயிலா சுத்துறவங்களுக்குத் தேன் அபிஷேகம் நடக்கிற அர்த்தநாரீஸ்வரர் ஞாபகம் வருவார். ரயில் மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. ஏன்னா எங்க ஊருக்கு ரயிலே கிடையாது. ரயிலைப் பாக்கணும்னா பஸ் புடிச்சு திருக்கோவிலூரோ உளுந்தூர்பேட்டையோ சின்னசேலமோ போகணும். அப்பேர்ப்பட்ட ஊர்ல, மாடி ரூம்ல, ஒரு பிளைவுட் பலகை மேல நான் ரயில் விட்டுக்கிட்டு இருக்கேன்.

படிச்சது இன்ஜினியரிங், பொழைப்பு பெங்களூர்ல சாஃப்ட்வேர், கிறுக்கு நீராவி இன்ஜின் மாடல் சேர்க்கிறது. வாங்கி அப்படியே கண்ணாடி அலமாரில வைக்கிற ரகம் இல்ல நான். பிரிச்சு, அறுத்து, ஒட்டி, பெயின்ட் அடிச்சு வேற ஒண்ணா மாத்துற ரகம். கல்யாணத் தரகர் வீட்டுக்கு வந்தா அம்மா முதல்ல அந்த மாடிக் கதவைத்தான் சாத்துவாங்க :-)

ஏன் மாத்தணும், நம்ம ஊர் இன்ஜினையே வாங்கக் கூடாதான்னு கேப்பீங்க. கொஞ்சம் கணக்குப் போடுவோம். உலகத்துல நிறையப் பேர் வச்சிருக்கிறது ஹெச்.ஓ. அளவு, அதாவது 87-ல ஒரு பங்கு. அதோட தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இது ஐரோப்பா, அமெரிக்காவோட 1435 மி.மீ. பாதைக்குச் சரியா வரும். நம்ம அகலப் பாதை 1676 மி.மீ. அதை 87 ஆல வகுத்தா 19 மி.மீ.க்கு மேல போகுது. அந்த அகலத்துல கடையில தண்டவாளம் கிடைக்காது. ஆனா நம்ம மீட்டர் கேஜ் 1000 மி.மீ. வகுத்தா 11.5. அதுக்கு ரொம்பப் பக்கத்துல, 12 மி.மீ.ல ஒரு தண்டவாளம் இருக்கு. டி.டி.ன்னு சொல்ற 120-ல ஒரு பங்கு அளவுக்காகச் செஞ்சது. தண்டவாளம் அவங்களோடது, இன்ஜின் நம்மோடதுன்னு வச்சுக்கலாம்.

எனக்கு வேண்டியதும் மீட்டர் கேஜ்தான். தாத்தா (அம்மாவோட அப்பா) 1960-கள்ல விழுப்புரம் லோகோ ஷெட்ல ஃபயர்மேனா இருந்தவர். அவர் கரி அள்ளிப் போட்டது ஒய்.பி. இன்ஜின்ல. முன்னாடி நாலு சின்னச் சக்கரம், நடுவுல ஆறு பெரிய சக்கரம், பின்னாடி ரெண்டு. 2000-லேர்ந்து 2870 வரைக்கும் நம்பர் போட்டு மொத்தம் 871 இன்ஜின். கடைசி வண்டியை டெல்கோ 1970-ல கட்டுச்சு. இன்னிக்கு தமிழ்நாட்டுல மீட்டர் கேஜ் மிச்சம் இருக்கிறது ஊட்டி ரயில் ஒண்ணுதான். அங்க ஓடுறது பல்சக்கரம் வச்ச எக்ஸ் வகை இன்ஜின். எங்க பக்கத்து விருத்தாசலம் - சேலம் பாதை 2007-ல அகலப் பாதை ஆயிடுச்சு.

ஒய்.பி.க்கு நான் எடுத்த அடிப்பாகம் எது தெரியுமா? ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்! 1923-ல கட்டி, 1934-ல மணிக்கு நூறு மைல் தொட்ட அதே இங்கிலாந்து இன்ஜின். ஹார்ன்பி கம்பெனி 2022-ல டி.டி. அளவுல மாடல்கள் விட ஆரம்பிச்சப்ப இந்த வகையும் வந்துச்சு. இதுக்கும் அதே 4-6-2 சக்கர வரிசை. நிஜ ஸ்காட்ஸ்மேனோட பெரிய சக்கரம் 2032 மி.மீ. 120-ல வகுத்தா கிட்டத்தட்ட 17. ஒய்.பி.யோட சக்கரம் 1372 மி.மீ. 87-ல வகுத்தா கிட்டத்தட்ட 16. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மேல்கூட்டை மட்டும் கழட்டிட்டு முப்பரிமாண அச்சுல எடுத்த ஒய்.பி. கூட்டை மாட்டினா துரை விழுப்புரம் பாசஞ்சர் ஆயிடுவார்.

கூட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி தாத்தாவைக் கூப்பிட்டு ஸ்காட்ஸ்மேனை ஓட்டிக் காட்டினேன். உள்ள சவுண்ட் டிகோடர் போட்டிருந்தேன். ரெண்டு சுத்து விட்டு, "இது நம்ம வண்டிச் சத்தம் இல்லடா"ன்னார். எப்படித் தாத்தான்னா, "நம்ம வண்டி ஒரு சுத்துக்கு நாலு தபா அடிக்கும். இது அதுக்கும் மேல அடிக்குது."

ஆடிப் போயிட்டேன். ஸ்காட்ஸ்மேனுக்கு மூணு சிலிண்டர், ஒரு சுத்துக்கு ஆறு அடி. ஒய்.பி.க்கு ரெண்டு சிலிண்டர், நாலு அடி. வயசு எண்பத்திநாலு. ஒரு கண்ணுல பார்வை சுத்தமா போச்சு, இன்னொண்ணும் மெதுவா மங்கிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். காது மட்டும் இன்னும் ஃபுட்பிளேட்லயே நிக்குது. ரெண்டு சிலிண்டர் இன்ஜினோட சத்தக் கோப்பைத் தேடி ஏத்தினேன். வேகம் பிடிக்கிறதுக்கும் நிக்கிறதுக்கும் ஆகுற நேரத்தை டிகோடர்ல மூணாவது, நாலாவது சி.வி.ல மாத்தலாம். ரெண்டையும் கூட்டிக்கிட்டே போனேன். "ஆங், இப்பதான் பின்னால பொட்டி இருக்கிற மாதிரி கெளம்புது"ன்னு அவர் சொன்ன எடத்துல நிறுத்தினேன். ஆபீஸ்ல எந்த டெஸ்டரும் இவ்ளோ துல்லியமா பக் சொன்னதில்ல.

அப்புறம் பெயின்ட். கருப்புன்னு ஒரே டப்பாவைத் திறந்தேன். "முன்னால புகைப்பெட்டி சூட்டுல வெளிறிப் போயிருக்கும், பாய்லரை எண்ணெய் போட்டு காட்டன் வேஸ்ட்டால தொடைப்போம், அது மினுக்கும்"னார். இப்ப என் இன்ஜின்ல மூணு கருப்பு இருக்கு.

ஆனா அவர் ரொம்ப நேரம் கேட்டது வெளியில தெரியாத எடத்தைப் பத்தி. கேபுக்குள்ள என்ன வச்சிருக்கே? தண்ணி மட்டம் பாக்கிற கண்ணாடி எங்க? "அதைப் பாக்காம விட்டா பாய்லர் வெடிச்சு நாம இருக்க மாட்டோம்டா. தூக்கத்துல கூட அது கண்ணு முன்னால நிக்கும்." அடுப்புக்குள்ள நான் வச்ச சிவப்பு எல்.இ.டி. எப்பவும் எரிஞ்சது. அதுவும் தப்பாம். கரி போடுறப்ப மட்டும் கதவு திறக்கணும், உடனே மூடணும், இல்லேன்னா பச்சைக் காத்து உள்ள போய் நெருப்பு சூடு இறங்கிடும். கரியைக் குவிக்கக் கூடாது, மூலைக்கு மூலை மெல்லிசா விசிறணும். சொல்லும்போதே வலது தோள் ஒரு தரம் திரும்புச்சு.

அன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நாங்க சேர்க்கிறவங்க எல்லாரும் இன்ஜினை பிளாட்பாரத்துல நின்னு பாக்கிறோம். நீளம், நிறம், நம்பர், பித்தளைப் பட்டை. அதுல வேலை செஞ்ச மனுஷன் உள்ளேர்ந்து பாக்கிறார். அவருக்கு அது அழகான பொருள் இல்ல. சூடு, பசி, தண்ணி மட்டம், பக்கத்துல நிக்கிற டிரைவரோட மூடு. வரைபடமும் போட்டோவும் வெளிப்பக்கத்தைத்தான் தருது. ஃபயர்மேன் டிபன் பாக்ஸைச் சூடா எங்க வச்சிருந்தார்ங்கிறதை எந்த வரைபடத்துல தேடுறது?

அதனால இப்ப வேலையோட வரிசையையே மாத்திட்டேன். நம்பர் பிளேட்டும் பித்தளைக் கைப்பிடியும் அடுத்த வருஷம் கூடச் செய்யலாம். கேப் மட்டும் தாத்தாவுக்குக் கண்ணு தெரியுறப்பவே முடியணும். ஒவ்வொரு வார லீவுக்கும் ஊருக்கு வந்து, குண்டூசித் தலை அளவுல ஒரு வால்வு, தீக்குச்சி நுனி அளவுல ஒரு டிபன் பாக்ஸ்னு ஒட்டிக்கிட்டு இருக்கேன். அவர் பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்"ங்கிறார்.

உங்க வீட்லயோ தெருவுலயோ பழைய ஷெட் ஆளு யாராவது இருந்தா, இன்ஜின் பேரை விட்டுடுங்க. எங்க உக்காந்தீங்க, எதுல கை சுட்டுது, சாப்பாட்டை எங்க வச்சீங்கன்னு கேளுங்க. கேட்டதை எழுதி வைங்க. மாடல் செய்யுறது அப்புறம் பாத்துக்கலாம்.