டயாலிசிஸ் வேண்டாம் என்று சொன்ன அப்பா... 79 வயதில் ஒரு முடிவும், அதற்குப் பின் வந்த 13 மாதங்களும்!

வயதானவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்போது, பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு வழிதான் பேசப்படும். ‘டயாலிசிஸ் பண்ணணும்’ என்று டாக்டர் சொன்னதும், யார் கூட்டிப்போவது, யார் கூட இருப்பது என்று ஏற்பாடு தொடங்கிவிடும். ‘பண்ணித்தான் ஆகணுமா?’ என்று பிள்ளைகள் கேட்க முடியாது. கேட்டால், பெற்றவரைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற பயம்.

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அந்தக் கேள்வியை நோயாளியே கேட்டார்.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 வருடம் நடத்துநராக இருந்தவர் அவர். வயது 79. சர்க்கரை நோய் வந்து 24 வருடம். இதயத்தில் ஒரு ஸ்டென்ட். ஆனாலும் காலையில் டீக்கடைக்கு நடந்துபோய், பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வருவார். கால் வீக்கம் குறையவில்லை என்று மகள் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, க்ரியாட்டினின் 5.8 என்று வந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் அளவு 9. அது 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை, அதாவது கடைசி நிலை.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் அன்றிரவே பஸ் ஏறினார். “பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்கப்பா. நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் டாக்டரம்மாவிடம் அவரே கேட்டார். “பண்ணா என்ன ஆகும், பண்ணலைன்னா என்ன ஆகும்? ரெண்டையும் சொல்லுங்கம்மா.”

நான்கு வழிகள்

அன்று அந்தச் சிறுநீரக மருத்துவர் ஒரு தாளை எடுத்து, நான்கு வழிகளை எழுதிக் காட்டினார்.

முதலாவது, மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ். வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதற்கு முன்பே கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ‘ஃபிஸ்டுலா’ போட வேண்டும். அது தயாராகக் குறைந்தது ஆறு வாரமாவது ஆகும். கடைசி நிமிடத்தில் ஓடினால், கழுத்தில் குழாய் போட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கும். அதில் தொற்று அபாயம் அதிகம்.

இரண்டாவது, வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ். சிறிய குழாய் மூலம் சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றி, புதிதாக நிரப்ப வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு முறை. பயணம் இல்லை. ஆனால், ஒவ்வொரு முறையும் கை சுத்தமாக இருக்க வேண்டும். கவனம் தப்பினால் வயிற்றுக்குள் தொற்று வரும். 2021-ல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

மூன்றாவது, மாற்றுச் சிறுநீரகம். வயதை மட்டும் வைத்து இதை மறுப்பதில்லை. ஆனால், 79 வயதும் இதய நோயும் சேர்ந்த இவருக்கு அந்த அறுவை சிகிச்சையே ஆபத்து என்றார் டாக்டர்.

நான்காவது வழியை எழுதியபோதுதான் மகன் நிமிர்ந்து பார்த்தார். டயாலிசிஸ் இல்லாமல், மருந்தாலும் உணவாலும் தொந்தரவுகளைக் குறைத்து, இருக்கும் நாளை நன்றாக வைத்துக்கொள்வது.

“அப்படின்னா சும்மா விட்டுடறதா மேடம்?”

“இல்ல சார். ரத்தசோகைக்கு ஊசி, மூச்சு வாங்காம இருக்க நீர் பிரியற மாத்திரை, அரிப்புக்கு, வாந்திக்கு, பிரஷருக்கு மருந்து எல்லாம் உண்டு. செக்கப்புக்கும் வரணும். மெஷின் மட்டும்தான் கிடையாது.”

‘எத்தனை வருஷம்?’

மகனின் அடுத்த கேள்வி அது. டயாலிசிஸ் செய்துகொண்டால் பொதுவாக ஆயுள் கூடும் என்பதை டாக்டர் மறைக்கவில்லை. ஆனால், யாருக்கு, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். 75 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி இங்கிலாந்தில் 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இதய நோயும் பல கூடுதல் நோய்களும் உள்ளவர்களுக்கு டயாலிசிஸால் கிடைக்கும் கூடுதல் ஆயுள் பெரும்பாலும் மறைந்துபோனது தெரியவந்தது.

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரை ஆராய்ந்து, 2009-ல் ஓர் அறிக்கை வந்தது. ஒரு வருடத்துக்குள் 58 சதவிகிதம் பேர் இறந்திருந்தார்கள். டயாலிசிஸுக்கு முன்பிருந்த அதே அளவுக்குத் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொண்டிருந்தவர்கள் 13 சதவிகிதம்தான். ஏற்கெனவே உடல் தளர்ந்து இல்லங்களில் இருந்தவர்களின் கணக்கு இது. டீக்கடைக்கு நடந்து போகிறவருக்கு அப்படியே பொருந்தாது. அதையும் டாக்டர் சொன்னார்.

அவசரப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் 828 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், டயாலிசிஸை முன்கூட்டியே தொடங்கியவர்கள், தொந்தரவு வரும் வரை காத்திருந்து தொடங்கியவர்களைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை. “ரிப்போர்ட்ல இருக்கற நம்பரைப் பார்த்து ஓட வேணாம். வீட்ல உட்கார்ந்து பேசிட்டு வாங்க. சந்தேகமா இருந்தா, ரெண்டு மூணு மாசம் டயாலிசிஸ் பண்ணிப் பார்த்துட்டு, ஒத்துக்கலைன்னா நிறுத்திக்கவும் செய்யலாம்.”

டிரிப் கணக்கு

வீட்டுக்கு வந்து, பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார் அப்பா. டயாலிசிஸ் மையம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். போக வர இரண்டு மணி, காத்திருக்க ஒரு மணி, மெஷினில் நான்கு மணி. மொத்தம் ஏழு மணி நேரம். வாரத்துக்கு 21. முடிந்த அன்று சாயங்காலம் வரை படுக்கை. துணைக்குப் போக மகள் வேலையை விட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஆனால், நாளுக்கு யார் காசு தருவார்கள்?

பிறகு பக்கத்துத் தெருவுக்குப் போனார். அங்கே 74 வயது அம்மா ஒருவர் மூன்று வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். வாரம் மூன்று நாள் போனாலும், மற்ற நாள்களில் மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் பால் ஊற்றுவதும் அவர்தான். பேத்தி கல்யாணத்தை நின்று நடத்தினார்.

“எனக்கு இது ஒத்துக்கிச்சுண்ணே. இது இல்லைன்னா நான் பேத்தி கல்யாணத்தைப் பார்த்திருக்க மாட்டேன். ஆனா எனக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. உங்களுக்கும் ஒத்துக்கும்னு நான் எப்படிச் சொல்ல?” என்றார் அவர்.

மூன்று வாரம் கழித்து அப்பா சொன்னார். “எனக்கு வேணாம். மருந்து குடுங்க, சாப்பிடறேன். மெஷின் வேணாம்.”

மகன் உடைந்துபோனார். “ஊர்ல எல்லாரும் என்னைத்தானேப்பா கேப்பாங்க, காசுக்குப் பார்த்து அப்பனை விட்டுட்டான்னு?”

“ஊருக்கு நானே சொல்லிடறேன்டா, உசுரோட இருக்கும்போதே.”

சொன்னபடியே செய்தார். பேரனின் காதுகுத்துக்கு வந்திருந்த பங்காளிகளிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். சிலர் கண் கலங்கினார்கள். மைத்துனர் ஒருவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்.

இன்னொன்றையும் செய்தார். தன்னால் பேச முடியாத நிலை வந்தால் எந்தெந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை, உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்திருக்கிறது. அதற்கான கடுமையான நடைமுறைகளை 2023-ல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதிய அந்தத் தாளுக்காக நோட்டரி அலுவலகத்துக்குத் தன் பைக்கில் அவரைக் கூட்டிப்போனது மகன்தான்.

அடுத்த 13 மாதங்கள்

சுலபமான நாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் நின்றன. பொட்டாசியம் ஏறும் என்பதால் இளநீரும் வாழைப்பழமும் கிடையாது. காய்களை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தார் அம்மா. மூட்டுவலிக்குத் தானாகக் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது என்பதை மகள் மருந்துக்கடைக்காரரிடமே சொல்லிவைத்தார். ராத்திரி அரிப்பில் அப்பாவுக்குத் தூக்கம் போகும். அம்மா எழுந்து முதுகில் தேங்காயெண்ணெய் தடவுவார்.

ஏழாவது மாதம் ஒரு நள்ளிரவில் மூச்சு வாங்கியது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்து, மருந்தைக் கூட்டிச் சரிசெய்தார்கள். “இப்பவாவது டயாலிசிஸ் பண்ணலாமா?” என்று மகன் கேட்டார். டாக்டர் அந்தக் கேள்வியை அப்படியே அப்பாவிடம் கேட்டார். மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்பா தலையசைத்து மறுத்தார்.

பதினோராவது மாதம் வரை டீக்கடைக்குப் போனார். பிறகு பேப்பர் வீட்டுக்கு வந்தது. கடைசி மாதத்தில் பசி குறைந்தது, பகலிலும் தூங்கினார். ஆதரவு சிகிச்சை செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்தார். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மார்ஃபின் உடலில் தேங்கும் என்பதால், வலிக்கு வேறு மருந்து தரப்பட்டது. வீட்டிலேயே, மனைவி பக்கத்தில் இருக்கும்போது இறந்தார்.

“இன்னும் ஒரு வருஷம் இருந்திருப்பாரோன்னு இன்னிக்கும் தோணுது” என்று தங்கையிடம் மகன் இப்போதும் கேட்பதுண்டு.

“இருந்திருக்கலாம்ண்ணே. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னாரு” என்பார் தங்கை.

உங்கள் வீட்டில் இந்த நிலை வந்தால்...

இது ஒரு குடும்பம் எடுத்த முடிவு. எல்லோருக்கும் இதுவே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்துத் தெரு அம்மாவுக்கு டயாலிசிஸ்தான் சரியாக இருந்தது. ஆனால், முடிவெடுக்கும் முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

• இவருடைய இதயம், சர்க்கரை, நடமாட்டம் இவற்றை வைத்துப் பார்த்தால் டயாலிசிஸால் எவ்வளவு பலன் இருக்கும்?

• இப்போதே தொடங்க வேண்டுமா, காத்திருக்கலாமா? ஃபிஸ்டுலாவை எப்போது போட வேண்டும்?

• வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் இவருக்கு ஒத்துவருமா?

• சில மாதம் செய்து பார்த்துவிட்டு நிறுத்தலாமா?

• டயாலிசிஸ் வேண்டாம் என்றால் தொந்தரவுகளை யார் பார்ப்பார்கள்? நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது?

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அப்பாவிடமோ அம்மாவிடமோ அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேளுங்கள்.