கெய்ரோ நாட்கள் – 7: வாசல்காரர்

தொக்கி பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் வாசலில் ஒரு மரப்பெஞ்சு கிடக்கும். வெள்ளைத் தலைப்பாகையும் சாம்பல் நிறக் கலாபியா அங்கியுமாக அதில் உட்கார்ந்திருப்பவர்தான் எங்கள் பவ்வாப். கெய்ரோவில் பழைய அடுக்ககம் எதிலும் இப்படி ஒருவர் இருப்பார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு படி கழுவுவார், கார் துடைப்பார், ரொட்டி வாங்கி வருவார், குழாய் ஒழுகினால் ஆள் கூட்டி வருவார். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுப்போம்.

“அவரிடம் ஜாக்கிரதை, யார் வந்தார் யார் போனார் என்று எல்லாவற்றையும் கவனிப்பார்” என்று எங்களுக்கு முன்பே வந்திருந்த நம்மூர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கவனித்தார் என்பது உண்மைதான். வீட்டில் மற்றவர்கள் ஊருக்குப் போயிருந்த சமயம், நான் கீழே இறங்கி வராததைக் கவனித்து மாடியேறி வந்து கதவைத் தட்டியவர் அவர் ஒருவர்தான். காய்ச்சலில் கிடந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்குப் போன் செய்தார். ராத்திரி தன் அடுப்பில் கர்க்கதே போட்டு எடுத்து வந்தார். நம் புளிச்சக்கீரைக்கு உறவான செடியின் காய்ந்த சிவப்புப் பூவைக் கொதிக்கவைத்த பானம் அது. அஸ்வான் சரக்குக்குத் தனி மரியாதை. பணம் நீட்டினேன். வலக்கையை மார்பில் வைத்துத் தலையசைத்துவிட்டார். மாதக் காசையும் ஈத் பெருநாள் காசையும் மறுக்காமல் வாங்கிக்கொள்பவர்தான். இது வேலைக் கணக்கில் சேராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அதன்பிறகு சாயங்காலங்களில் அந்தப் பெஞ்சில் எனக்கும் இடம் கிடைத்தது. சர்க்கரை தூக்கலான கறுப்புத் தேநீர், என் அரைகுறை அரபு, அவருடைய பொறுமை. ஊரில் இருக்கும் தங்கையிடம் போனில் பேசும்போது மட்டும் அவர் நூபிய மொழிக்கு மாறுவார்.

அவர் நூபியர்; குடும்பம் கெய்ரோ வந்த கதையை அந்தப் பெஞ்சில்தான் கேட்டேன். அஸ்வானில் 1902-இல் கட்டி முடித்த அணையை 1912-இலும் 1933-இலும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் நூபியர்களின் வயலும் பேரீச்சந்தோப்பும் முங்க, ஆண்கள் பிழைப்புக்குக் கெய்ரோ வந்து சமையல்காரர்களாகவும் பவ்வாப்களாகவும் ஆனார்கள். அவருடைய தாத்தா அப்படி வந்தவர். பிறகு உயர் அணை. 1963-64-இல் ஏறக்குறைய 50,000 நூபியர்களைக் கோம் ஓம்போ பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அப்போது அவர் சிறுவன். முற்றம் வைத்த பெரிய வீடு, வாசல் சுவரில் அம்மா பதித்த பீங்கான் தட்டுகள், காலடியில் நைல். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய அரசு வீடுகள். ஆறு கண்ணுக்கே தெரியாது. அதே காலத்தில்தான் அபு சிம்பல் கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்து, ஏறக்குறைய 65 மீட்டர் உயரத்தில் மறுபடி கோத்தார்கள். உலகமே சேர்ந்து செய்த அந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தத் தட்டுகள் பதித்த சுவர்களுக்கு ஒருவரும் வரவில்லையே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேட்டூர் அணையைப் பற்றி அவரிடம் சொன்னேன். 1934-இல் கட்டி முடித்தது; நீர் வற்றும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் முங்கிய ஊர்களின் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தியும் வெளியே தெரியும் என்றேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அந்த ஊர்க்காரர்கள் போய்ப் பார்ப்பார்களா?” பார்ப்பார்கள், கூட்டமாகப் போவார்கள் என்றேன். “எங்களுடையது மேலே வராது, யா உஸ்தாஸ். அவ்வளவு ஆழம்.”

நாங்கள் அஸ்வானுக்குப் போகிறோம் என்றதும் விடவில்லை. தங்கைக்குப் போன் செய்து, கோம் ஓம்போவில் இறங்காமல் போகக்கூடாது என்று எனக்கும், ஸ்டேஷனுக்கு மகனை அனுப்பு என்று அவளுக்கும் ஒரே மூச்சில் உத்தரவு போட்டார். இரண்டு கிலோ சர்க்கரை, தேயிலைப் பொட்டலம், அவளுடைய பேத்திக்கு ஒரு ஜோடி செருப்பு எல்லாம் கட்டி என்னிடம் கொடுத்தார். ராம்சேஸ் நிலையத்தில் இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். அந்த வீட்டுக்கு அடுத்த வாரம் போகலாம்.